ஏரிக்கு மேல் பறந்த ஒற்றைப் பறவை

2006 டிசம்பரில், அரியலூரில் நான் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபராக இருந்தபோது நடந்தது இது. அந்த மாதம்தான் முதன்முதலாக ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கினேன்.

திருச்சிக் கடையில் லென்ஸ் தேர்ந்தெடுக்கவே அரை நாள் ஆனது. புறப்படும் முன் வீட்டில் என் பழைய படங்களை எடுத்துப் பரப்பிப் பார்த்திருந்தேன். சாலை மறியல், கருகிய கடலைச் செடி, கவிழ்ந்த லாரி என்று எல்லாமே பத்தடிக்குள் நின்று எடுத்தவை. அதற்கு கேமராவோடு வரும் சின்ன லென்ஸே போதும். ஆனால் குளிர்காலத்தில் கரைவெட்டி ஏரிக்கு வரும் பறவைகளை ஒரு முறையாவது கிட்டத்தில் எடுக்க வேண்டும் என்று பல வருட ஆசை. நீளமான டெலி லென்ஸையும் சேர்த்து வாங்கினேன். மனைவி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: முதல் படம் அவரை எடுக்க வேண்டும்.

அதை மறந்துவிட்டு மறுநாள் விடியற்காலையிலேயே ஏரிக்குப் பஸ் ஏறிவிட்டேன். இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கடை பெஞ்சில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கட்டும் என்று நிதானமாகச் சின்ன லென்ஸைக் கழற்றிப் பெரியதை மாட்டினேன்.

"என்ன சார், கேமராவுக்குக் கண்ணு மாத்துறீங்களா?" என்றார் கடைக்காரர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏரியில் வாத்துக் கூட்டம் ஒன்று வரிசை கட்டிப் பறந்தது. ஏழெட்டுப் படம் எடுத்தேன். மதியம் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் போட்டு, தெளிவாக வந்திருந்த ஒன்றை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தபோது, அதன் வலது மேல் மூலையில், கூட்டத்தை விட்டு வெகுதூரம் பின்தங்கி, சிறகை வளைத்தபடி ஒற்றைப் பறவை. எடுக்கும்போது அதை நான் கவனிக்கவே இல்லை. இருந்தும், 'கூட்டத்தைப் பிரிந்து தனியே தவிக்கும் பறவை' என்று குறிப்பு எழுதி, அந்த ஒரு படத்தை மட்டும் அனுப்பினேன்.

நான்கு மணிக்கு செய்திப் பிரிவிலிருந்து போன். முதல் பக்கத்தில், என் பெயரோடு வருகிறதாம். அந்த ஒற்றைப் பறவைதான் படமே என்றார் உதவி ஆசிரியர். எட்டு வருடத்தில் என் பெயர் முதல் பக்கத்தில் வந்ததே இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன்.

மனைவி சந்தோஷப்பட்டார். கூடவே நிபந்தனையையும் நினைவுபடுத்தினார். சின்ன லென்ஸை மாட்டி, மொட்டை மாடியில் வானம் தெரிய நிற்க வைத்து எடுத்தேன். பின்பக்கத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தவர் சிரித்தார்.

"ஏங்க, ஏரியில தனியாத் தவிச்சுதுன்னு சொன்னீங்களே, அது நம்ம மாடிக்கே வந்துட்டுது பாருங்க."

வலது மேல் மூலை. அதே வளைந்த சிறகு. காலையில் எடுத்த மற்றப் படங்களையும் திருப்பிப் பார்த்தேன். வானம் இருந்த ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் அது இருந்தது. லென்ஸை மாற்றியும் அது மாறவில்லை என்றால், கேமராவின் உள்ளேதான் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் நான் லென்ஸைக் கழற்றியபோது, லாரிக் காற்றில் உள்ளே போய் ஒட்டிக்கொண்ட தூசி இழை.

முதல் பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. செம்பு நிறையத் தண்ணீர் குடித்தேன். தூசி விழுந்ததைவிட, கண்ணால் பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோல எழுதியதுதான் உறுத்தியது. உதவி ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

"சார், அந்த ஒத்தப் பறவை பறவையே இல்லீங்க. தூசி."

"என்னய்யா சொல்ற?"

"கேமராக்குள்ள விழுந்த தூசிங்க. எங்க வூட்டு மாடியில எடுத்த படத்துலயும் அதே எடத்துல நிக்குது."

"நல்லவேளை, இன்னைக்கே சொன்னியே. நாளைக்குச் சொல்லியிருந்தா நான் என்னய்யா பண்றது?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் பக்கத்தில் வேறு ஊர்ப் படம். என் வாத்துக் கூட்டம், தூசியை நீக்கி, உள்ளே ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தி அகலத்தில், பெயர் இல்லாமல் வந்திருந்தது. சொல்லி வைத்திருந்த மூன்று பேருக்கும் நானே போய் விளக்கினேன். ஒருவர் மட்டும் பல மாதம், பார்க்கும்போதெல்லாம் பறவையை நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் அனுப்பிய எந்தப் படத்துக்கும் அந்த உதவி ஆசிரியர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. புதிதாக வந்த ஒருவர் ஒரு முறை என் படத்தைச் சந்தேகப்பட்டபோது, "தூசியைக்கூடச் சொல்லிடுவான், போடு" என்றாராம்.

பின்னாளில் என் பெயரோடு முதல் பக்கத்தில் சில படங்கள் வந்தன. ஆனாலும் யாராவது என் படங்களைக் காட்டச் சொன்னால், பெயரில்லாத அந்த ஒரு பத்திப் படத்தைத்தான் முதலில் எடுத்து, வலது மேல் மூலையில் ஒன்றுமே இல்லாத வானத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறேன்.