செபக் குழுவுக்குப் போன படம்

சவரியம்மாள் கோமதியம்மாளை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்து, சாய்ந்துவிடாமல் இருக்க வயிற்றுப் பக்கம் தலையணையை மடித்து முட்டுக்கொடுத்தாள். பழைய கட்டைப் பிரித்து சலைன் தண்ணீரால் புண்ணைக் கழுவினாள். வாலெலும்புக்கு மேல் இருந்த அந்தப் படுக்கைப் புண்ணின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல் செல்போனில் படமெடுத்து, வீட்டுக்கு வந்து புண்ணைப் பார்க்கும் நர்ஸுக்கு அனுப்பினாள்.

மும்பையில் தாராவியிலிருந்து செம்பூருக்கு வந்து, ஏஜென்சி மூலமாக நோயாளி பார்ப்பது அவள் வேலை. பக்கவாதம் வந்த கோமதியம்மாள் வாய் ஒரு பக்கம் இழுக்க, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நினைவில் குறை எதுவும் இல்லை.

செல்போன் சவரியம்மாளுக்குப் புதிது. ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் கூடத்தில் பக்கத்து வீட்டு ஜெஸி பெண்களுக்கு வகுப்பு நடத்துவாள். போனைத் தமிழுக்கு மாற்றுவது, பேசினால் அதுவே எழுதுவது, ஆங்கில மருந்துச் சீட்டைக் கேமராவில் காட்டித் தமிழில் வாசிக்கச் சொல்வது எல்லாம் சவரியம்மாள் அங்கே கற்றவைதான். கற்றதை மறுநாளே வேலையில் போட்டுப் பார்ப்பாள். மாத்திரையை எப்போது கொடுப்பது என்று இப்போது அவள் யாரையும் கேட்பதில்லை.

காலையில் வந்து பார்ப்பதாக நர்ஸிடமிருந்து பதில் வந்தது. புண் ஆழமானால் ஆஸ்பத்திரிதான் என்றும் சொன்னார். சவரியம்மாளுக்குப் பயம் பிடித்தது. அவள் கோயிலின் வாட்ஸ்அப் செபக் குழுவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் படம் வந்துவிடும். மாவுக்கட்டுக் கால், தையல் போட்ட வயிறு எல்லாம் வரும், கீழே வரிசையாக ஆமென் விழும். அவளும் புண்ணின் படத்தை அங்கே போட்டு, "செம்பூர் கோமதியம்மாளுக்காக செபியுங்கள்" என்று வாயால் சொல்லி எழுதவைத்து அனுப்பினாள். நல்லது செய்ததாகவே நினைத்தாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது ஜெஸி போனில் கூப்பிட்டாள். "எக்கா, பீரோக் கண்ணாடியில அந்தம்மா மொகம் அப்படியே தெரியுது. துணியில்லாத முதுகும் தெரியுது. பாத்தியளா இல்லியா?"

சவரியம்மாள் பார்க்கவில்லை. அவசரத்தில் நீக்கு என்பதைத் தொட்டாள். எனக்கு மட்டும், எல்லாருக்கும் என்று போன் இரண்டு வழி காட்டியது. வாசிக்காமல் ஒன்றை அமுக்கினாள். படம் மறைந்தது. ஆனால் அது அவள் போனிலிருந்துதான் மறைந்தது. வீட்டுக்கு வந்து ஜெஸியின் போனைப் பார்த்தபோது படம் அப்படியே இருந்தது. தன் போனில் அழித்துவிட்டதால் மற்றவர் போனிலிருந்து அதை எடுக்க இனி அவளால் முடியாது, குழுவை நடத்துகிறவரால்தான் முடியும் என்றாள் ஜெஸி. குழுவை நடத்துகிறவர், கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் இன்னாசிமுத்து.

சவரியம்மாள் போய்க் கேட்டபோது அவர் இணங்கவில்லை. "எல்லாரும் செபம் பண்ணிக்கிட்டுருக்காவ. பாதியில எடுக்கச் சொல்லுதியே?"

"உங்க வீட்டம்மா படம்னா வச்சிருப்பியளா, உபதேசியாரே?"

அதற்குப் பிறகு எடுத்துவிட்டார். ஆனாலும் அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்கள், யார் யார் சேமித்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. குழுவில் ஒருத்தி கோமதியம்மாள் குடியிருக்கும் அதே கட்டடத்தில் சமையல் வேலை பார்க்கிறாள். எடுத்தாயிற்று, பேசாமல் இருங்கள், சொன்னால் வேலை போய்விடும் என்றாள் ஜெஸி. அது சவரியம்மாளுக்கும் தெரியும். நல்ல வீடு, இன்னொன்று எளிதில் கிடைக்காது. ஆனால் நோயாளி உன் கையிலிருந்து விழுந்தால் முதலில் நீயே போய்ச் சொல் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதுவும் விழுந்ததுதான் என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் காலை கோமதியம்மாளின் முகத்தைத் துடைத்துவிட்டு, மருமகள் ஷாலினியையும் அறைக்குள் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ஷாலினியின் முகம் சிவந்துவிட்டது. "இது சாதாரண விஷயமா சவரிக்கா? நான் ஏஜென்சிக்கு ஃபோன் பண்ணி வேற ஆள் கேக்கறேன்."

"என்... உடம்பு. என்னக் கேளு," என்றார் கோமதியம்மாள். பிறகு சவரியம்மாளைப் பார்த்தார். "எம் புருசனே பாக்காத எடத்த... தாராவிக்கே காட்டிட்டியாட்டி?"

சவரியம்மாள் தலை குனியவில்லை. "தப்புதாம்மா. உங்களக் கேக்காம எடுத்ததே தப்பு."

கோமதியம்மாள் மருமகள் பக்கம் திரும்பினார். "இவளே இருக்கட்டும். நீ... இனி கேட்டுட்டு எடு," என்றார். ஷாலினி போனைக் கீழே வைத்தாள். கோபம் மட்டும் இறங்கவில்லை, அன்று முழுக்க அவள் சவரியம்மாளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நர்ஸ் வருவதற்குள் கட்டைப் பிரித்தாக வேண்டும். புண்ணைக் கழுவியதும் சவரியம்மாள் கேட்டாள், "இன்னிக்கு எடுக்கட்டுமாம்மா?"

"வேண்டாம்."

சவரியம்மாள் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, நர்ஸிடம் சொல்லப் புண்ணின் நீள அகலத்தைக் காகித அளவுகோலால் அளந்து வைத்துக்கொண்டாள்.