அரக்கு அடைத்த மிதவை

என் கணவருக்கு இரண்டு சம்சாரம் என்று குலசேகரத்தில் எல்லோரும் கேலி பேசுவார்கள். மூத்தவள் ரப்பர் எஸ்டேட்டின் பழைய புகைக்கூடத்தில் பச்சைப் பெயிண்ட் உரிந்து நின்றாள். இளையவள் நான்.

துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் எஸ்டேட் துரையும் கிளம்பினார். போகிற அன்று, ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின்களைக் கவனித்து வந்த என் கணவரைக் கூப்பிட்டுத் தன்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். நீண்ட மூக்கு, இரண்டே பேர் உட்காரும் இடம், கூரை இருந்த இடத்தில் நாலு கம்பி. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நிறுத்தியதைத் துரை பிறகு எடுக்கவே இல்லை. நான் கல்யாணமாகி அங்கே போனபோது டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், பழைய காரை ஓட்டிப் பார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதிலும் என் கணவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கிடைத்ததை வைத்துக் கட்டி ஓட்டுவது அவருக்குப் பிடிக்காது. எந்தச் சாமான் போயிற்றோ அதே சாமான், அதே அளவில், அதே உருவத்தில் வேண்டும். லாரிக்காரர் ஒருவர் தன்னிடமிருந்த பழைய ஹெட்லைட்டைத் தர வந்தார். "இவளுக்கு இந்தக் கண்ணு பொருந்தாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு ஒரு புடவை எடுக்கப் போனால் கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவதே போதும் என்பவர் அவர்.

சீமைக் கம்பெனிக்குக் கடுதாசி போட்டார். வெகுநாள் கழித்து மரியாதையாகப் பதில் வந்தது. அந்த மாதிரி வண்டி செய்வதை நிறுத்திவிட்டார்களாம், சாமான் கிடையாதாம், ஆனால் இன்னும் ஒன்று உயிரோடு இருப்பது அறிந்து மிகவும் மகிழ்ச்சியாம். அந்த மகிழ்ச்சியை எந்த இடத்தில் முடுக்குவது என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சீமை எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே அமைந்துவிட்டது. உளுத்துப்போன மரச்சட்டத்தை வில்வண்டி செய்யும் தச்சர் அயினி மரத்தில் அச்சாகச் செய்து கொடுத்தார். கூரைத் துணியைக் குளச்சலில் கட்டுமரத்துக்குப் பாய் தைப்பவர் தைத்தார். பலமான தையல்தான். நல்ல காற்றடித்தால் வண்டி நேரே கடலுக்குத் திரும்பிவிடும் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரப்பர் காட்டுக்குள் குடியிருந்துகொண்டு ஒரு முழம் ரப்பர் குழாய்க்குத் திருவனந்தபுரம் வரை அலைந்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். நானும் மெல்ல மெல்ல அந்தப் பைத்தியத்தில் விழுந்தேன். ஹெட்லைட் வளையங்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியவள் நான்தான். கோழியை விரட்டியதும் நான்தான்.

இந்த நேரத்தில் கொட்டாரத்தில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை நாகர்கோவில் தாலுகா கச்சேரியில் கிளார்க். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா வயலும் நெல்லுமாக இருப்பவர், முறை பிசகாதவர். என் கணவரை அவர் குறைவாக நடத்தினார் என்று சொல்ல முடியாது. இலை போட்டு இரண்டாம் முறை சோறு வைக்கச் சொல்வார். ஆனால் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசமாட்டார். மூத்த மருமகனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "எஸ்டேட்ல ஜோலி" என்று சொல்லிவிட்டு உடனே நெல்லின் விலைக்குப் போய்விடுவார். நகத்தில் கிரீஸ் உள்ள மருமகனைப் பற்றி அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. என் புருஷனை நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன். வேறு ஒருவர் சொல்லாமல் விட்டாலும் எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

நிச்சயதார்த்தப் பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமன், மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வாடகைக்கு வேண்டும் என்று பேச்செடுத்தார். அதுதான் அப்போது நாகரிகம்.

"வாடகைக் கார் எதுக்கு? நம்ம வண்டி இருக்குல்லா" என்றார் என் கணவர்.

நான் தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டுவதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது. அப்பா ரசம் ஊற்றிய கையோடு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். மறுநாளே கொட்டாரம் கடைத்தெரு முழுவதும், மூத்த மருமகனின் சொந்தக் காரில் இளைய மாப்பிள்ளை வரப்போகிற செய்தி பரவிவிட்டது. பரப்பியவர் வேறு யாருமில்லை, அப்பாதான். அப்பா வாயால் என் கணவரைப் பற்றிப் பெருமையாக வந்த முதல் பேச்சு அது. அது பொய்த்துப் போனால் பிறகு அந்த வீட்டில் இவர் எந்த முகத்தோடு இலைமுன் உட்காருவது? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது.

எஞ்சின் ஓடத்தான் செய்தது. ஓடி ஓடி நின்றது. காரணம் ஒரே ஒரு சாமான். கார்புரேட்டரில் பெட்ரோல் வந்து நிறையும் கிண்ணம் ஒன்று உண்டு. அதற்குள் சுண்ணாம்பு டப்பி அளவில் நாலு புறமும் மூடிய பித்தளை மிதவை கிடக்கும். உள்ளே வெறும் காற்று. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறி, போதும் என்று வழியை அடைக்கும். எங்கள் மிதவையில் ஊசிமுனை ஓட்டை விழுந்து, அது பெட்ரோலைக் குடித்துவிட்டு அடியில் படுத்துக்கொண்டது. வழி அடைபடாமல் பெட்ரோல் பொங்கி வழிந்தது. சந்தையில் ஈயம் பற்றவைப்பவரிடம் கொடுத்தோம். உள்ளே மிச்சமிருந்த பெட்ரோலோடு அவர் சூடு காட்ட, மிதவை டப்பென்று வெடித்து இரண்டு பாதியாயிற்று. அவருடைய மீசையிலும் ஒரு பாதி போயிற்று. திருவனந்தபுரத்தில் விசாரித்தால் அப்படி ஒரு மிதவையைப் பார்த்ததே இல்லை என்றார்கள்.

அந்த இரண்டு பாதிகளும் அடுப்பங்கரை அலமாரியில் கிடந்தன. காகிதம் போல மெல்லிய தகடு, உள்ளே கூடு, விளிம்பில் பற்றவைத்த தடம். உப்பு எடுக்கப் போன நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பெரியம்மை காதில் ஆடும் பாம்படமும் இப்படித்தானே கூடாகச் செய்தது? கொட்டாரத்தில் பாம்படம் செய்யும் தட்டாசாரிதானே தங்கைக்குத் தாலியும் செய்துகொண்டிருந்தார்?

ஆசாரி முதலில் பித்தளையைத் தொடமாட்டேன் என்றார். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு என்றதும் இறங்கி வந்தார். என் கணவர் அந்த இரண்டு பாதிகளோடு படமும் வரைந்து, அளவெல்லாம் குறித்துக் கொடுத்தார். மயிரிழை பிசகக்கூடாது என்று பலமுறை சொன்னார். ஆசாரி செய்து தந்ததைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் அசந்துபோனோம். பற்றவைத்த இடமே தெரியவில்லை. தாலியோடு கோத்துப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

மாட்டினோம். பெட்ரோல் முன்பைவிட வேகமாகப் பொங்கியது.

என் கணவர் ரப்பர் ஷீட் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை.

"நான் போய் மாமாகிட்ட சொல்லிருதேன். வாடகை வண்டி பாத்துக்கிடட்டு."

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்" என்று மிதவையைக் கழற்றச் சொல்லி வாங்கினேன். குடத்துத் தண்ணீரில் போட்டேன். கூழாங்கல் மாதிரி நேரே அடிக்குப் போயிற்று. ஓட்டை இல்லை, ஒரு குமிழி வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே பஸ் ஏறினேன்.

கொட்டாரத்தில் இறங்கியதும் எதிரே அப்பா. பந்தல்கால் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"மக்கா, உள்ளதச் சொல்லு. வண்டி வருமா, வராதா? வராதுன்னா இப்பமே நாகருகோயில்ல சொல்லி வைக்கணும்."

"வரும்ப்பா" என்றேன். முங்கிப்போன மிதவை என் பைக்குள் ஈரத்தோடு கிடந்தது.

ஆசாரி என்னைப் பார்த்ததும் பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "என்ன மக்ளே, சாமான் எப்படி?"

"முங்கிப் போச்சு ஆசாரியண்ணே."

"முங்குனா என்ன? நல்ல கனமான சாமான் முங்கத்தானே செய்யும்."

"அது மிதக்கணும். மிதக்கதுதான் அதுக்க வேலையே."

ஆசாரி ஊதுகுழலைக் கீழே வைத்தார். "அத ஆரும் சொல்லல்லியே. அந்தப் பழசுல அரக்கு எல்லாம் போயிருந்து. சீமையில நல்ல அரக்கு கிட்டாது போலுக்கு, பாவம்னு நெனச்சேன். முதல்தரமா உருக்கி நெறச்சுக் குடுத்திருக்கேன். வெறும் கூட்டை ஆராவது குடுப்பாவளா? நசுங்கிப் போனா எனக்க பேரில்லா கெட்டுப்போவும்?"

பஸ்ஸில் வரும்போது அவரைக் கேட்பதற்கென்று சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. கூடாகச் செய்த பொன்னுக்குள் அரக்கை நிறைப்பதுதானே யோக்கியமான ஆசாரிக்கு முறை? துரையின் வண்டிக்கும் அவர் அதே யோக்கியத்தைக் காட்டியிருக்கிறார். நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். உள்ளே தாலி செய்துகொண்டிருந்த அவர் மகன், என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தான்.

அடியில் சின்னத் துளை போட்டு, கனலில் காட்டிக் காட்டி அரக்கு முழுவதையும் ஒழுகவிட்டார். பிறகு பொன் நிறுக்கும் சின்னத் தராசை எடுத்தார். ஒரு தட்டில் சீமை மிதவையின் இரண்டு பாதி, மறுதட்டில் புதியது. புதியது கொஞ்சம் தாழ்ந்தது. அரத்தால் இங்கே ஒரு இழுப்பு, அங்கே ஒரு இழுப்பு, மறுபடி தராசு. முள் நடுவில் நின்றதும் துளையை அடைத்தார். பாத்திரத்துத் தண்ணீரில் அவரே போட்டார். மிதவை ஒருமுறை முங்கி, எழும்பி, ஆடிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட வந்து பார்த்தார்கள்.

"வெறும் கூட்டுக்கு வந்த யோகத்தப் பாரு" என்றார் ஆசாரி. அவருக்கு அப்போதும் முழுத் திருப்தி இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நாங்கள் அந்தக் காரில் கொட்டாரத்துக்குப் புறப்பட்டோம். என் மடியில் ஒரு டிரங்குப் பெட்டி, காலடியில் வாழைக்குலை. எஞ்சின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டு வந்தது. தக்கலையில் கடைக்காரர்கள் தராசைப் பிடித்தபடி நின்று பார்த்தார்கள். இரணியலுக்குப் பிரியும் இடத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும் கையைக் காட்டினார்கள். யாரென்றே தெரியாமல் நானும் காட்டினேன். முக்காடு பறந்தது, கொண்டை அவிழ்ந்தது, வாய்க்குள் ஒரு பூச்சிகூடப் போயிற்று. சுசீந்திரம் தாண்டியதும் இருபுறமும் பச்சை வயல். "இன்னும் கொஞ்சம் வேகமா விடுங்க" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்காகவே இன்னொரு பழைய காரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அந்த அளவுக்கு நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அதிகம் இல்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து பந்தல் வரை ஊர்வலம். மாப்பிள்ளை மாலையோடு ஒரு சீட்டில், பட்டு வேட்டியில் என் கணவர் மறு சீட்டில். முன்னால் நாகசுரம். அது அடிக்கொரு தரம் நின்று வாசிக்க, பாய்ந்து ஓடுவதற்கென்றே செய்த வண்டி எறும்பாக ஊர்ந்தது. வெயில் ஏறியது. பந்தல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ரேடியேட்டர் கொதித்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. வண்டி நின்றது. மேளமும் நின்றது.

"நான் அப்பமே சொன்னேன், வாடகை வண்டின்னு" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன், நாலு பேர் கேட்கும்படி.

என் கணவர் இறங்கிச் சாக்குத் துணியால் மூடியைத் திறந்து, "கொஞ்சம் தண்ணி வேணும்" என்றார். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் பந்தல் வாசலைப் பார்த்தார்கள். எங்களுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லாததால், மாப்பிள்ளையின் கால் கழுவ அப்பாவே கிண்டிச் செம்பு நிறையத் தண்ணீரோடு அங்கே நின்றிருந்தார். மாப்பிள்ளை வந்து இறங்கும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது.

அப்பா நகர்ந்தார். கிண்டியைப் பிடித்தபடி, மேளக்காரர்களை விலக்கிக்கொண்டு நடந்து வந்து காரின் முன்னால் நின்றார்.

"மருமவனே, எங்க ஊத்தணும்? காட்டும்."

என் கணவர் விரலால் காட்டினார். அப்பா கிண்டியின் மூக்கைச் சாய்த்து, கால் கழுவ வைத்திருந்த தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார்.

"மொதல்ல மூத்தவருக்க வண்டி குடிக்கட்டு. காலுக்குப் பொறவு தண்ணி கோரலாம்" என்றார், தாய்மாமனைப் பார்த்தே. முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு கூட்டம் முழுவதும் சிரித்தது. குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. நான் பெண்களுக்கு நடுவில் நின்று அழுதேன், மறைக்கத் தோன்றவில்லை.

எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது.

"ஏறும் மாமா" என்றார் என் கணவர். உட்கார இடம் ஏது? அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலிக் கிண்டியோடு பக்கவாட்டு மிதிபலகையில் ஏறி நின்றார். மேளம் முழங்கியது. பந்தல் வாசலில் மாப்பிள்ளையை நின்று வரவேற்க வேண்டியவர், மாப்பிள்ளையோடு காரிலேயே வந்து இறங்கினார்.