ஆடு நக்கிய மாடி

என் மகளுக்குத் தலைப்பிரசவம் சித்திரை வெயிலில் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை வெண்ணந்தூருக்கு, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த கொஞ்ச நாளிலேயே அதன் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு அள்ளித் தெளித்ததுபோல் வந்துவிட்டது. பார்க்க வந்த மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அத்தை, நாமக்கல்ல நம்மூட்டுல ஏசி இருக்குதுங்க. ஒரு பத்து நாளு கழிச்சு, ஞாயித்துக்கெழமையா வந்து கூட்டிக்கிட்டுப் போயிரட்டுங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் பிள்ளை பெற்றவள் மூன்று மாதமாவது தாய்வீட்டில் இருப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இங்கேயே ஒரு ஏசி மாட்டிவிடலாம் என்றும் அவர் சொன்னார். அதைக் கேட்டதும் என் பயம் வேறு பக்கம் ஓடியது. கிரைண்டர் ஓடும்போது தண்ணீர் மோட்டாரைப் போட்டால் பீஸ் போய்விடுகிற வீடு இது. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கரண்டு எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத எதுவும் எனக்குப் பயம். ஒருமுறை கரண்டுக்குப் பயந்து மெயினை அணைத்துவிட்டு ஆத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், பிரிட்ஜில் வைத்த மாவு பொங்கிக் கீழ்த்தட்டு வரை வழிந்திருந்தது.

போர்க்கிணறு போடும் ரிக் வண்டியோடு வடநாட்டில் இருந்த என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன்.

"தீப்புடிக்கும்னு ஏசி வேண்டாங்கறே. அந்த ரூம்புல இப்பவே அப்பளம் சுடலாம்" என்றார்.

கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னது உண்மைதானே? சூடு எங்கிருந்து வருகிறது என்று மகளும் குழந்தையும் படுத்திருந்த அறையைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். மூலையில் நின்ற பிரிட்ஜின் முதுகு அடுப்பு மாதிரி கொதித்தது. சுவரோடு ஒட்ட வைத்திருந்தோம். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் அதைத் தள்ளி நடையில் கொண்டுபோய், சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் விட்டு நிறுத்தினோம். நாளெல்லாம் உறுமிக்கொண்டிருந்த பிரிட்ஜ், அதன் பிறகு நடுநடுவே அடங்கி மூச்சு வாங்கியது. மேற்குச் சன்னலுக்கு வெளியே தென்னங்கீற்று கட்டினேன். சாமி படத்துக்கு மேல் எரிந்த குண்டு பல்பைக் கழற்றி எல்இடி மாட்டினேன். அறை கொஞ்சம் தணிந்தது. ஆனால் பிற்பகல் ஆனால் போதும், கூரையிலிருந்து அனல் இறங்கும்.

தண்ணீர்த் தொட்டி வழிகிறதோ என்று நான் அடிக்கடி மாடிக்கு ஓடுகிறவள். ஒரு நாள் செருப்பில்லாமல் ஓடிவிட்டேன். கால் பொரிந்தது. மிளகாய் காயப்போட்டிருந்த வெள்ளைச் சாக்கின் மேல் தாவி ஏறினேன். அங்கே நிற்க முடிந்தது. சாக்கை விலக்கி அடியில் மிதித்தேன். அங்கும் நிற்க முடிந்தது. மாடி முழுக்க வெள்ளையாக இருந்தால்?

மறுநாளே ராசிபுரத்திலிருந்து சுண்ணாம்பு வாங்கி வந்துவிட்டேன். அடிப்பதற்கு முன்பே கவலை வந்தது. உதிர்ந்து பறந்து குழந்தை கண்ணில் விழுந்துவிட்டால்? எங்கள் ஊர் தறிக்காரர் ஊர். தறியில் ஏற்றும் பாவு நூல் பிய்யாமலிருக்க அதற்குக் கஞ்சி போடுவோம். பாவுக்கு ஆவது மாடிக்கும் ஆகும் என்று மரவள்ளி மாவில் ஓர் அண்டா கஞ்சி காய்ச்சி, சுண்ணாம்பில் கலந்து, தாராளமாகப் பூசிவிட்டேன்.

விடிந்து மாடியேறினால், வெளிப்படி வழியாக ஏறி வந்த அக்காவின் வெள்ளாடு, கண்ணை மூடிக்கொண்டு தரையை நக்கிக்கொண்டிருந்தது. பாதி மாடி போய்விட்டது.

"அக்கா! உங்க ஆடு எங்க மாடியத் திங்குதுங்க!"

"மாடிய எப்புடித் திங்கும்? பயந்து பயந்து உனக்குக் கண்ணு போயிருச்சு" என்று சொல்லிக்கொண்டே ஏறி வந்தவர், பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். "அடி ஆத்தா! கஞ்சி காச்சி விருந்தே வெச்சிருக்கறயே! தொட்டுக்க ஊறுகா எங்கே?"

கீழே அறையிலிருந்து மகள் கத்தினாள். "சிரிக்க வெக்காதீங்க பெரியம்மா, தையல் இழுக்குது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மதியம் ஒரு நடை, சாயந்தரம் ஒரு நடை போய்ப் பார்த்தேன். அது நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது. "நீ இப்புடி உத்து உத்துப் பாக்கறதுலதான் அதுக்கு வகுறு கலங்கும், போ சாமி" என்று அக்கா விரட்டினார்.

மிச்சத்தைத் தேய்த்துக் கழுவி, பெயிண்ட் கடையில் விற்கும் பசையைக் கலந்து மறுபடி அடித்தோம். இந்த முறை அக்காவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். வெயில் ஏறுவதற்குள் இரண்டு பூச்சு முடிந்தது. படியில் ஒரு தட்டி வைத்துக் கட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை காரோடு வந்தார். மகளின் பையும் குழந்தையின் துணிகளும் வாசலில் தயாராக இருந்தன. கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, "சித்த நேரம் சாயறேனுங்க அத்தை, வெயில் தாழக் கெளம்பிரலாம்" என்று குழந்தைக்குப் பக்கத்தில் பாயில் படுத்தார்.

எழவேயில்லை. எழுப்புவதா வேண்டாமா என்று நான் நிலைவாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். "பேசாம இரும்மா" என்று மகள் வாயில் விரல் வைத்துக் காட்டினாள். அவள் கண்ணெல்லாம் சிரிப்பு.

பொழுது சாயும்போதுதான் எழுந்தார். கன்னத்தில் பாய்க்கோடு. "ஃபேனு ரெண்டுலதான் ஓடுதுங்களா?" என்று கேட்டு, கட்டில் மேல் ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்தார். குழந்தையின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். வேர்க்குரு அமுங்கியிருந்தது. பிறகு போனை எடுத்தார்.

"அம்மா, மூணு மாசமும் இங்கயே இருக்கட்டும்மா. ஏசி எல்லாம் ஒண்ணுமில்ல. மாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கறாங்க, அவ்வளவுதான். நம்ம மாடிக்கும் அடிச்சிரலாம், அந்த ஏசி பாவம் நிக்காம ஓடுது."

மகள் அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன், வியர்வையைத் துடைப்பது மாதிரி.

"வாராவாரம் வாரேனுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை, செருப்பை மாட்டிக்கொண்டே.

"தூங்கறதுக்குங்களா?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

கார் தெருமுனை திரும்பியது. வாராவாரம் வந்தால் வாராவாரம் கோழி வேண்டுமே என்று எனக்கு அடுத்த கவலை தொடங்கியது. இவ்வளவு நல்ல கவலை எனக்கு அதுவரை வந்ததில்லை.