ஒன்றாம் எண் பன்றி

அவர் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் பன்றி வளர்த்தவர். எதிரே யார் வந்தாலும் முகத்தை விட்டுவிட்டு மூக்கைத்தான் பார்ப்பார். காய்ச்சல் வைரஸ் பன்றியிலிருந்து மனிதனுக்குத் தாவுகிறதா என்று எண்பதுகளின் இறுதியில் எங்கள் ஆய்வகம் ஆராய்ந்துகொண்டிருந்தது. அவருடைய பன்றிகளின் மூக்கைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துவருவது என் வேலை.

ஒருநாள் பட்டி வாசலிலேயே எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அவர் கையை நீட்டி மறித்தார்.

"இன்னா சார், சளியா? அங்கயே நில்லு. உள்ள குட்டிங்க கீது."

"பன்னிகிட்டேருந்து மனுஷனுக்கு வருதான்னுதான் பாக்கறோம்" என்றேன்.

"மன்சங்கிட்டேருந்து அதுக்கு வந்தா எவன் பாப்பான்? மொதல்ல உன் மூக்கத் தொடைச்சி எடு."

என் மூக்கைத் துடைத்த குச்சியைக் குழாயில் போட்டு, அதில் ஒன்றாம் எண்ணை ஒட்டிய பிறகுதான், என் வாயையும் மூக்கையும் துண்டால் கட்டி உள்ளே விட்டார். வெட்கத்தில் இதை ஆய்வகத்தில் நான் சொல்லவில்லை.

முடிவு வந்தது. ஒன்றாம் எண்ணில் மட்டும்தான் வைரஸ் இருந்தது.

"அந்தப் பன்னி மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ" என்றார் பேராசிரியர்.

இன்றும் கண்ணாடி முன்னால் நின்றால், அந்தப் பன்றிக்காரரைப் போலவே முதலில் மூக்கைத்தான் பார்க்கிறேன்.