பதினைந்தில் நின்ற இணைப்பு

இடஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடுபிடித்திருந்த நாட்களில் ஒரு புகாரைப் பார்க்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போனேன். இணைய இணைப்புகளைச் சரிசெய்வது என் வேலை. எப்போதும் பாட்டுப் போடும் பஸ் அன்று பாட்டில்லாமல் மலையேறியது. திரும்பி இறங்க பஸ் உண்டா என்று கண்டக்டரிடம் கேட்டேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

புகார் சொல்லி அனுப்பியிருந்த பிரவுசிங் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கடைக்காரரும் ஓர் இளம்பெண்ணும் இருந்தார்கள். இதே மலையைச் சேர்ந்த பெண். கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். வீட்டிலிருந்த சாதிச் சான்றிதழை எடுத்து இங்கேயே ஏற்றிவிட வந்திருந்தாள். இதை விட்டால் அடுத்த முறை வயது வரம்பு தாண்டிவிடும்.

“இன்னா சார் பண்றது, கவர்மெண்டே நெட்ட கட் பண்ணிடுச்சி. கீழ ரோட்டுல போராட்டக்காரங்க மரத்த வெட்டிப் போட்டுக்கினு கீறாங்களாம்,” என்றார் கடைக்காரர்.

யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். கைபேசியில் சிக்னல் இல்லாத ஊரில் அதைச் சரிபார்க்க வழியில்லை. அந்தப் பெண் அதை நம்பிவிட்டாள் என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

நான் ஒன்றை மட்டும் யோசித்தேன். அரசாங்கம் வெளியே எதை வெட்டியிருந்தாலும், அதே மேசையில் இருக்கும் ரவுட்டராவது கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். சோதித்தேன். அதுவும் பதில் சொல்லவில்லை. அப்படியானால் கோளாறு இந்த அறைக்குள்.

கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியைத் திறந்தேன். 192.168.1.15 என்று இருந்தது. போன முறை நான் வைத்த கடைசி எண் 10. யார் மாற்றியது என்றேன்.

கடைக்காரர் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். காலையில் நெட் மெதுவாக ஓடியதாம். அவருக்கு எந்த எண்ணையும் கூட்டினால் ஆறு வர வேண்டும்; ஒன்றும் ஐந்தும் ஆறு. வண்டி நம்பர், போன் நம்பர் எல்லாம் அப்படித்தான். பதினைந்தைப் போட்டதும் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கீழே சப்நெட் மாஸ்க்கில் 248 இருந்த இடத்தில் பூஜ்யம் போட்டதும் ஒத்துக்கொண்டது.

அந்த 248தான் எல்லையைச் சொல்கிறது. ரவுட்டரின் எண் 9. அது சேர்ந்திருக்கும் எண்களின் கூட்டம் எட்டிலிருந்து பதினைந்து வரை. எட்டு அந்தக் கூட்டத்துக்கே பெயர். பதினைந்து எல்லாரையும் சேர்த்துக் கூப்பிடுவதற்கு. எந்தக் கருவிக்கும் இரண்டையும் கொடுக்கக் கூடாது. கம்ப்யூட்டர் மறுத்தது சரியாகத்தான் மறுத்தது. மாஸ்க்கை மாற்றி அதன் வாயை அடைத்துவிட்டார். ஆனால் ரவுட்டருக்குப் பழைய எல்லைதான் தெரியும். பதினைந்தாம் எண்ணில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் என்று அது நினைக்கவே நினைக்காது.

மாஸ்க்கில் 248ஐயும் முகவரியில் பழைய 10ஐயும் போட்டேன். ரவுட்டர் பதில் சொன்னது. விண்ணப்பப் பக்கம் திறந்தது.

அவள் எழுந்து வந்து தானே நிரப்பினாள். சான்றிதழ் ஏறும்போது கடைக்காரர் வாசலுக்குப் போய் ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஒப்புகைத் தாள் பிரிண்டரிலிருந்து வந்தது. பெயருக்கு அடுத்த வரியிலேயே சாதி.

அவள் தாளைப் படித்துப் பார்த்தாள். பதிவெண்ணை மட்டும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். அசல் சான்றிதழையும் தாளையும் சேர்த்து மடித்துக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

“இங்கியே இருக்கட்டும்ணா. கீழ ஜீப்ப நிறுத்தி யாரு, இன்னா சாதின்னு கேக்கறாங்களாம்.”

வேலைக்குக் கூப்பிடும்போது அசல் வேண்டுமே என்றேன்.

“கூப்புடட்டும், வந்து எடுத்துக்கறேன். இன்னிக்கி நைட்டு டூட்டி. மொதல்ல போய்ச் சேரணும்.”

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. பஸ் இனி இல்லை, இதுதான் கடைசி வண்டி என்றார்கள். இருவரும் ஏறினோம். அவள் கையை மூடியே வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள்.