நாலாவது விடை முப்பத்திரண்டு

கணக்கக்கா வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கை காட்டுவார்கள். டெய்லர் கடையை ஒட்டின மாடிப்படி. மூணாவது படி ஆடும், பார்த்து ஏற வேண்டும். மேலே ஒரே ஒரு நீள அறை, நாலு பெஞ்சு, ஒரு கரும்பலகை, கீழே இருந்து விடாமல் கேட்கும் தையல் மெஷின் சத்தம். பத்து வயசுப் பிள்ளைகளைப் பெரிய பள்ளியின் நுழைவுத் தேர்வுக்குத் தயார் பண்ணுவது அக்காவின் வேலை. எண்பது இடம், நாலாயிரம் பிள்ளைகள், ஒரே ஒரு காலை. அதில் தேறாவிட்டால் உலகம் ஒன்றும் முழுகிப் போய்விடாதுதான். அதைப் பெற்றவர்களிடம் சொல்லிப் பாருங்கள், உங்களை அடிக்க வருவார்கள்.

கேள்வியை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்பாள் அக்கா. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கருப்பாக்க வேண்டிய தேர்வு அது. சரியான விடை தானாக வந்துவிடும். மீதி மூணு தப்பு விடையைத் தயார் பண்ணுவதில்தான் உயிர் போகும். வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடும். பிள்ளை எங்கே வழுக்குமோ சரியாக அங்கே அந்த விடை உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அவளிடம் தப்பு நோட்டு. இருபத்தேழு வருஷத்தில் அவளிடம் படித்த ஒவ்வொரு பிள்ளை செய்த தப்பும் அதில் இருக்கிறது. என்ன தப்பு, ஏன் வந்தது, இனி எப்படி என்று மூணு கட்டம். 'கவனக்குறைவு' என்று எந்தப் பிள்ளையாவது எழுதினால் போச்சு, மறுபடி எழுத வேண்டும். அது டாக்டர் 'உடம்பு சரியில்லை' என்று சீட்டு எழுதிக் கொடுப்பது மாதிரி, அதை வைத்து யாருக்கு என்ன மருந்து கொடுப்பது என்பாள்.

நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அவளுடைய சொந்தத் தம்பி. பத்து வயசில் அவனை இதே தேர்வுக்கு அவள்தான் தயார் பண்ணினாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு. பன்னிரண்டாவது கேள்வி தெரியாமல் விட்டவன், விடைத்தாளில் அந்த வரிசையை விட மறந்துவிட்டான். பதின்மூன்றாவது விடை பன்னிரண்டில் போய் உட்கார்ந்தது, அதற்குப் பிறகு எல்லாமே ஒரு படி மேலே. அத்தனையும் தெரிந்த பிள்ளை, அத்தனையும் தப்பு. அவன் மூணு நாள் சாப்பிடாமல் கிடந்தான். இனி ஒரு பிள்ளைக்கும் இப்படி ஆகக் கூடாது என்றுதான் அக்கா வகுப்பையே ஆரம்பித்தாள். கல்யாணம் காட்சி எல்லாம் அந்தக் கரும்பலகைக்கு முன்னால் எப்படியோ நழுவிப் போய்விட்டது. அதைப் பற்றி அவள் மூக்கால் அழுததில்லை.

தம்பியின் மகளை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். மூணாம் வகுப்பிலிருந்தே அத்தையின் பெஞ்சில்தான் கிடந்தாள். ஒரு தடவை அக்கா ஒரு கணக்குப் போட்டாள். நூற்றிருபது மீட்டர் தெரு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எட்டு மீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பம், ரெண்டு முனையிலும் கம்பம் உண்டு, மொத்தம் எத்தனை? பதினாறு. அவசரக்காரப் பிள்ளை பதினைந்து என்னும், குழம்பின பிள்ளை பதினாலு என்னும். குட்டி முப்பத்திரண்டு என்றாள். அக்காவுக்கே தலை சுற்றிவிட்டது. ஏண்டி என்று கேட்டால், எங்கள் தெருவில் ரெண்டு பக்கமும் கம்பம் இருக்கே அத்தை என்கிறாள். அக்கா இடுப்பில் ஒரு கை, சாக்பீஸ் பிடித்த மறுகை காற்றில், "கேள்வியில இல்லாததை நீ எங்க இருந்துடி கொண்டு வந்தே?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அந்தக் கணக்குக்கு நாலாவது விடை முப்பத்திரண்டு. இத்தனை வருஷத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்த விடை வந்ததில்லை.

இதற்குள் பெரிய தெருவில் ஒரு கோச்சிங் சென்டர் வந்து சேர்ந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் யானை உயரத்துக்கு போர்டு. போர்டு நிறையத் தேறின பிள்ளைகளின் போட்டோ. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு எங்கெங்கோ படித்தவர்கள் என்று ஊருக்கே தெரியும், ஆனாலும் ஊர் அந்தக் கதவைத்தான் தள்ளிக்கொண்டு போனது. அக்காவிடம் அடுத்த வருஷத் தேர்வுக்கென்று இருந்த இருபத்திநாலு பேர் ஒன்பதாகக் கரைந்தார்கள். அந்த ஒன்பது வீட்டாரும் ஒரே விஷயத்துக்குக் காத்திருந்தார்கள்: இந்த வருஷம் எழுதுகிற குட்டி தேறுவாளா? தேறினால் அக்கா வகுப்பு நிற்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இது அக்காவுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

தேர்வுக்கு மூணு வாரம் இருக்கும்போது, ஒன்பதில் ஒரு பிள்ளையின் அம்மா, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸம்மா, படியேறி வந்தாள். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் அந்த சென்டருக்குப் போனேன் என்று அசடு வழிந்தபடி ஒரு மாதிரித்தாளை நீட்டினாள். எல்லாக் கணக்கும் புரிகிறது, ஏழாவதில் மட்டும் இந்த நாலாவது விடை எப்படி வரும் என்றே தெரியவில்லை, எப்படிப் போட்டாலும் வராதே என்றாள். அதோடு நிற்காமல், அங்கேயும் நல்லாத்தான் கேள்வி போடுகிறார்கள், அச்சு அசல் உங்களை மாதிரியே என்று வேறு சொன்னாள்.

அக்கா பார்த்தாள். நூற்றிருபது மீட்டர் தெரு. எட்டு மீட்டருக்கு ஒரு கம்பம். பதினைந்து, பதினாலு, பதினாறு, முப்பத்திரண்டு.

கேள்வி எந்தப் புத்தகத்திலும் இருக்கலாம், பதினைந்தும் பதினாலும் யாருக்கும் வரலாம். முப்பத்திரண்டு இந்த அறையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் பிறக்கவில்லை. மேலே, கீழே படித்தாள். அடுத்த கணக்கும் அவளுடையது. அதற்கடுத்ததும். வகுப்பில் வைக்கிற தேர்வு முடிந்ததும் தாள்களை எண்ணித் திருப்பி வாங்கி அலமாரியில் பூட்டுகிறவள் அவள். ஒரு பிள்ளை கூட வீட்டுக்குக் கொண்டு போனதில்லை. அவள் கையெழுத்துத் தாள் இந்தப் படியை விட்டு இறங்குவது சனிக்கிழமை காலையில் மட்டும்தான், நகலெடுக்க. அதை எடுத்துக்கொண்டு போகிறவன் தம்பி. அவன் வேலை பார்க்கிற கூரியர் ஆபீசுக்குப் பக்கத்தில்தான் நகல் கடை. நர்ஸம்மாவிடம், கம்பம் ரெண்டு பக்கமும் இருக்கிறதாக நினைத்துக்கொண்டால் அப்படி வரும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். குரல் நடுங்காமல் சொன்னாளே, அதைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் தம்பி நகல் கட்டோடு வந்தான். அக்கா மாதிரித்தாளை அவன் முன்னால் வைத்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் எனக்கென்ன தெரியும் என்றான், அப்புறம் கடைக்காரன் கொடுத்திருப்பான் என்றான். பூசி மெழுகிப் பார்த்தான், ஒட்டவில்லை. கடைசியில் எல்லாம் வெளியே வந்தது. ஒரு வருஷமாகக் கொடுத்திருக்கிறான். சென்டர்காரர்கள் புதுக் கிளை திறக்கிறார்களாம், இவன்தான் அதற்கு மேனேஜராம். குட்டி தேறினால் அவள் போட்டோ அவர்கள் போர்டில் வரும் என்று கையெழுத்தும் போட்டாயிற்றாம். ஞாயிற்றுக்கிழமை ட்ராயிங் கிளாஸ் என்று குட்டி போனதெல்லாம் அங்கேதானாம், பேருக்கு உட்கார்ந்து வர.

"பேப்பர்தானேக்கா. நீ என்ன குறைஞ்சு போயிட்டே?" என்றான்.

அடப்பாவி, அடிமடியிலேயே கை வைத்துவிட்டு என்ன குறைந்து போயிற்று என்று கேட்கிறான் பாருங்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அக்காவோ அவன் கொண்டு வந்த நகல்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். அதைப் பார்க்கத் தாங்காமல் அவனாகத்தான் ஒரு வாக்குக் கொடுத்தான். குட்டியை மட்டும் கைவிட்டுவிடாதே, அவள் தேறட்டும், சென்டரில் பாராட்டு விழா வைப்பார்கள், மேடையில் உன் பேரைத்தான் முதலில் சொல்லுவாள், நானே சொல்லச் சொல்கிறேன் என்றான்.

திங்கட்கிழமை குட்டி வந்தபோது அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை என்ன படம் வரைந்தாய் என்று. குட்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அப்பா சொல்லக் கூடாதுன்னாரு அத்தை என்றாள். தம்பி செய்தது முதுகில் குத்தினது என்றால், இது நெஞ்சில். தம்பி மேல் கோபப்படலாம். இந்தப் பச்சைப் பிள்ளை வாரா வாரம் தன் மடியில் சாய்ந்துகொண்டு வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறதே, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஆனாலும் விட்டுவிடவில்லை. மூணு வாரமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள். தெரியாத கேள்வியை விட்டால் வரிசையையும் விடு என்று தேர்வன்று காலை வாசல் வரை போய் நூறாவது தடவையாகச் சொன்னாள். குட்டி ரெண்டாவது இடத்தில் தேறினாள்.

வெள்ளிக்கிழமை மாலை விழா. அக்கா நல்ல புடவையாக எடுத்து இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனாள். அந்த மண்டபத்துக்குள் கால் வைக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் ஒன்பது வீட்டாரும் வந்திருந்தார்கள். ஒரே ஒரு வாக்கியம், அத்தைதான் சொல்லிக் கொடுத்தாங்க என்று ஒரே ஒரு வாக்கியம் மைக்கில் வந்தால் போதும், வகுப்பு பிழைத்துக்கொள்ளும். நர்ஸம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி புதுச் சட்டையில் முன்வரிசையில் இருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

குட்டி மேடையேறினாள். உன் வெற்றிக்குக் காரணம் யாரம்மா என்று கேட்டார் டை கட்டின சென்டர்காரர். குட்டி அப்பாவைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையாட்டினான். குட்டி சென்டரின் பேரைச் சொன்னாள், முழுப் பேரையும், அடி மாறாமல். அங்கே உள்ள ஆசிரியர்கள் எல்லோருக்கும் நன்றி என்றாள். அக்கா இன்னும் காத்திருந்தாள். அவ்வளவுதான். கைதட்டல் வந்துவிட்டது.

அதோடு விட்டார்களா? எங்கள் சென்டரில் எப்படி யோசிக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்று பாருங்கள் என்று சொல்லி டைக்காரர் திரையில் ஒரு கணக்கைப் போட்டார். நூற்றிருபது மீட்டர் தெரு. முப்பத்திரண்டு ஏன் தப்பு, சொல்லும்மா என்றார். குட்டி இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். மைக் இல்லாத கையைக் காற்றில் நீட்டினாள். "ரெண்டு பக்கமும் கம்பம்னு யாரு சொன்னா? கேள்வியில இல்லாததை நீ எங்க இருந்துடி கொண்டு வந்தே?" என்றாள். அக்காவின் கை, அக்காவின் குரல், அந்த 'டி' உட்பட. மண்டபமே சிரித்தது, எழுந்து நின்று தட்டியது. என்ன மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் பாரேன் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

விண்ணப்பப் படிவம் வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். நர்ஸம்மா ஒன்றை வாங்கி, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டாள். ஒன்பதில் ஐந்து வீட்டார் வாங்கியதை அக்கா கண்ணாலேயே பார்த்தாள்.

வெளியே வரும்போது குட்டி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். கழுத்தில் மெடல், முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தை, சரியாச் சொன்னேனா?"

மூணு வருஷமாக ஒவ்வொரு கணக்குக்கும் அவள் கேட்கிற அதே கேள்வி. அக்காவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. எல்லாவற்றையும் மென்று முழுங்கிக்கொண்டு, அவள் கன்னத்தைத் தொட்டாள்.

"கணக்கைச் சரியாச் சொன்னே," என்றாள்.

குட்டியின் சிரிப்பு நின்றுவிட்டது. கணக்கு என்று பிரித்துச் சொன்னால் மீதியில் தப்பு இருக்கிறது என்று அந்த வகுப்பில் படித்த யாருக்கும் தெரியும். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா வந்து, போட்டோவுக்கு நேரமாச்சு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து, புடவையைக் கூட மாற்றாமல், அக்கா பழைய தப்பு நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில், விடுபட்ட பன்னிரண்டாவது வரிசைக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாகக் கிடந்தது. கோடு போட்டு மூணு கட்டம் பிரித்தாள். முதல் கட்டத்தில், என் விடை முப்பத்திரண்டு என்று எழுதினாள். ஏன் என்கிற கட்டத்தில், எதிர்ப்பக்கமும் இருக்குன்னு நானா சேர்த்துக்கிட்டேன் என்று எழுதினாள். அந்த இடத்தில்தான் உடைந்து அழுதாள், மெஷின் சத்தத்தை மீறிக் கீழே டெய்லருக்குக் கேட்கிற அளவுக்கு. மூணாவது கட்டத்துக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. இனி சனிக்கிழமை நகலெடுக்க நானே போகணும் என்று எழுதிவிட்டு, மறுநாளுக்கான தாளை எடுத்து வைத்தாள். நாலு நகல் போதும்.