ஒரு பேராவது வாசிக்கச் சொல்லுங்க

இன்று காலையும் ஆறு பத்துக்கு அந்த மெயில் வந்தது. "கோப்புப் பரிமாற்றம் முடிந்தது. நிலை: வெற்றி." பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன். குடித்து முடித்த டம்ளரின் அடியில் ஈ கிடப்பதைப் பார்த்தவனைப் போல, அந்தக் கடைசிச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. அதை எழுதி அனுப்பும் நிரலை எழுதியவன் நான்தான். சோதனைக்காக என் சொந்த முகவரியை அதில் சேர்த்திருந்தேன். அந்த வேலையை விட்டு வந்து எவ்வளவோ நாளாகியும் அதை நீக்க யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சொந்த ஊர் கேரள எல்லையோரத்து வடகரப்பதி. கோயம்புத்தூரில் கணினி படித்துவிட்டு ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். அவர்கள் என்னை மூணாறுக்குப் பக்கத்தில், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் வேலைக்கு வந்தவர்களின் பெயர்களை எழுதிவைத்த செக்ரோல் புத்தகங்கள் மூன்று தலைமுறைக்கு அங்கே குவிந்து கிடந்தன. அவற்றை ஸ்கேன் செய்து கிளவுடில் போடவேண்டும். விடிகாலையில் என் நிரல் தானாகவே எழுந்து, அந்தப் படங்களைப் பூட்டி, வெளியூரில் இருந்த தலைமை அலுவலகத்தின் சர்வருக்கு அனுப்பிவிட்டு, கிளவுடில் இருப்பதை அழித்துவிடும். இப்படிப் பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி. பூட்டும் சாவி என்னிடம் இருக்கும். திறக்கும் சாவி தலைமை அலுவலகத்தில் மட்டும் இருக்கும். வழியில் எவன் திருடினாலும் ஒன்றும் படிக்க முடியாது. அந்தக் காலத்தில் இதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அந்தப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தவர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்த அக்கா. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்திலேயே குடியிருந்தவர். எல்லோருக்கும் அவர் ஆபீஸ் அக்கா. புத்தகங்களைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருக்கும். எலி மூத்திர வாடை, பக்கத்துக்குப் பக்கம் நசுங்கிய பூச்சி, மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்ட தாள்கள். நான் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வேன். அக்கா வெறும் கையால் பிரித்து, ஸ்கேனர் கண்ணாடியைப் பழைய சேலைத் துணியால் துடைத்து வைப்பார். நடுவில் ஒரு நாள் ஒரு வரியில் விரலை வைத்து, "இது எங்க அம்மாவப் பெத்த தாத்தா, தம்பி. பாருங்க, பேருக்கு நேரா கைநாட்டு" என்றார். நான் ஸ்கேனரின் பொத்தானை அமுக்கினேன்.

அந்தக் கைநாட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து எப்போதோ வந்த குடும்பங்களுக்குக் கேரளத்தில் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், பாட்டன் காலத்திலேயே இந்த மண்ணில் இருந்தோம் என்று வில்லேஜ் ஆபீசில் காட்டவேண்டும். லயத்துச் சனத்திடம் பட்டாவா இருக்கிறது? செக்ரோலில் இருக்கும் பெயர்தான் அவர்களுக்கு எல்லாம். அக்காவின் மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள், நர்சிங் சேரவேண்டுமென்று.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் கொழுந்தின் எடையை ஃபேக்டரிக்குப் போனில் சொல்வார். சொல்லி முடித்ததும் வைக்கமாட்டார். அந்தப் பக்கம் இருப்பவர் அத்தனையையும் திருப்பி வாசிக்கவேண்டும். வாசித்த பிறகுதான் ரிசீவர் கீழே இறங்கும். அதையே என்னிடமும் எதிர்பார்த்தார். "அனுப்புனது சரி தம்பி, அங்க தெறந்து பாத்தாங்களா? ஒருக்கா போனப் போட்டு ஒரு பேராவது வாசிக்கச் சொல்லுங்க." எனக்குச் சிரிப்பு வரும். தினமும் ஆறு பத்துக்கு வெற்றி என்று மெயில் வருகிறதே, அதற்கு மேல் என்ன? "மெசினு பொய் சொல்லாதுங்க அக்கா" என்பேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் என் வாயைக் கழுவவேண்டும் போலிருக்கிறது.

கடைசிப் புத்தகமும் முடிந்த அன்று, பழைய பேப்பர் வண்டி ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. நகல்கள் சரிபார்க்கப்பட்டன, மூலங்களைக் கழித்துவிடலாம் என்று ஒரு தாள். அதில் அக்கா கையெழுத்துப் போடவேண்டும். மேனேஜர் தொரை வாட்சைப் பார்த்துக்கொண்டே, "வேகம் ஒப்பிடணும், வண்டி நிக்கிது" என்று, சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொல்லித் தன் மலையாளத் தமிழில் விரட்டினார். அக்கா பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெறந்து பாத்தாச்சா தம்பி?"

"பாத்தாச்சுங்க அக்கா."

நான் பார்க்கவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால் அங்கே ஒரு ஆள் எடுப்பதற்குள் மூணாறு பஸ் போய்விடும். அவ்வளவுதான் காரணம். அக்கா கையெழுத்துப் போட்டார். வண்டியில் புத்தகங்களை மிதித்து மிதித்து ஏற்றினார்கள்.

அடுத்த வருஷம் அக்கா போன் செய்தார். மகளுக்கு நல்ல மார்க். ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும், சாதிச் சான்றிதழ் மட்டும் வேண்டும். தலைமை அலுவலகத்தில் தாத்தாவின் பக்கத்தைக் கேட்டால், கோப்பு திறக்கவில்லை என்கிறார்களாம். ஒரு கோப்பும் திறக்கவில்லையாம். அதுவரை அங்கே எவனும் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. என் நிரலை எடுத்துப் பார்த்தேன். தலைமை அலுவலகம் அனுப்பிய சாவியை நான் அதில் போடவே இல்லை. சோதனைக்கென்று என் லேப்டாப்பில் நானே உண்டாக்கிய சாவியால்தான் அத்தனையும் பூட்டப்பட்டிருந்தன. அதைத் திறக்கும் சாவியும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. லேப்டாப்பை மாற்றியபோது கம்பெனியில் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். எத்தனை பேரிடம் கேட்டும் வழி இல்லை. பூட்டு அவ்வளவு நல்ல பூட்டு.

எஸ்டேட்டில் விசாரணை வைத்தார்கள். என் டீம் லீடர் வெற்றி மெயில்களை அச்சடித்து, கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "எங்க பக்கம் ஒரு நாள்கூடத் தவறலை சார்" என்றார். சாவி விஷயம் அவருக்குத் தெரியும், முந்தின நாளே நான் சொல்லியிருந்தேன். மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தார். ஈரமான கை. மேனேஜர் தொரை அக்காவின் கையெழுத்தைக் காட்டி, சரிபார்க்காமல் ஏன் போட்டாய் என்று கேட்டார், அன்று விரட்டியது தான் இல்லை என்பதுபோல. அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெமோ அக்காவுக்குப் போனது. அந்த வருஷம் மகளின் இடம் வேறொருவருக்குப் போனது. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோர்மீதும் எனக்கு அருவருப்பு உண்டு. அதில் பெரும் பங்கு எனக்கே.

அந்த மாதமே வேலையை விட்டேன். அதிலும் வீரம் ஒன்றுமில்லை, வேறு வேலை கிடைத்திருந்தது. உண்மையை எழுதி எஸ்டேட்டுக்கு அனுப்பினேன்; பதில் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடுமலையிலிருந்து மறையூர் வழியாகப் பஸ் ஏறி அக்காவின் லயத்துக்குப் போனேன். அக்கா பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். மகள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன், "அன்னைக்கு நான் தெறந்து பாக்கலீங்க அக்கா. பொய் சொல்லிட்டனுங்க."

"தெரியும் தம்பி" என்றார் அக்கா. "பாத்திருந்தா ஒரு பேராவது சொல்லியிருப்பீங்க."

அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். "அன்னைக்கே. வண்டி நிக்கி, தொரை நிக்காரு. நான் வேலைய நெனச்சேன். புள்ளைய நெனக்கல." டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பல் துலக்கிவிட்டு வந்து மெயிலை முழுதாகப் படித்தேன். இப்போது கிளவுடில் போட அங்கே ஒன்றுமில்லை. இருந்தும் நிரல் தினமும் எழுந்து, காலியாக இருப்பதைப் பூட்டி, அனுப்பிவிட்டுச் சொல்கிறது. கோப்புகள்: பூஜ்யம். நிலை: வெற்றி. அக்காவுடைய தாத்தாவின் பெயரை யாராவது கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது. அன்று அவர் விரல் வைத்துக் காட்டிய வரியை நான் வாசிக்கவே இல்லை.